காந்தத் துண்டு கையில் இருக்கட்டும்

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் வீடு கட்டுகிறோம். கடல் அரை கிலோமீட்டர்தான். மொத்தம் பதினோரு ஜன்னல். மேஸ்திரி தேக்குதான் போடணும் என்கிறார், பட்ஜெட் இடிக்கிறது. அலுமினியம் என்று முடிவு செய்து இரண்டு பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் சதுர அடிக்கு 420 ரூபாய் சொல்கிறார், இன்னொருவர் 690. கேட்டால் இருவருமே "ஒரே மெட்டீரியல்தாம்மா" என்கிறார்கள். உப்புக் காற்றுக்கு அலுமினியம் தாங்குமா? யாரை நம்புவது?
ஓய்வுபெற்ற ஆசிரியை, கடலூர்

பதில்: இப்போதைக்கு இருவரையும் விட்டுவிட்டுத் தராசை நம்புங்கள், டீச்சர். ஜன்னல் செய்கிற நாங்கள் பிரேமுக்கான அலுமினியச் சட்டமான செக்‌ஷனைக் கிலோ கணக்கில் வாங்கி, உங்களுக்குச் சதுர அடிக் கணக்கில் விற்கிறோம். வித்தியாசம் ஒளிந்துகொள்வது அங்கேதான். முன்னால் இருந்து பார்த்தால் இரண்டு பிரேமும் ஒரே அகலம், ஒரே நிறம். ஒன்றின் தகடு 2 மி.மீ. தடிமன், இன்னொன்று 1.2. முதலாவது 5 கிலோ வந்தால் இரண்டாவது 3 கிலோதான் வரும். இருவரிடமும் ஒரு சாண் நீளத் துண்டு வெட்டி வாங்குங்கள். வெட்டுவாயைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். விலைப்பட்டியலில் தடிமனையும் ஒரு ஜன்னலின் எடையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்குகிறவரை விட்டுவிடலாம். 690 சொன்னவரே 1.2 வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

உப்புக் காற்று விஷயத்துக்கு வருகிறேன். அலுமினியம் தாங்கும். தாங்காதது அதில் இருக்கிற ஸ்க்ரூவும், தள்ளுகிற ஜன்னல் ஓடுகிற ரோலர் சக்கரமும்.

இதைச் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டவன் நான். புதுச்சேரியில் 26 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். 2008இல் என் வீட்டுக்கு நானே ஜன்னல் செய்தேன். வாடிக்கையாளர் வீட்டுக்கு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூ போடுகிறவன், நம்ம வீடுதானே என்று டப்பாவில் மீந்து கிடந்த பளபளப்பான இரும்பு ஸ்க்ரூவைப் போட்டேன். மிச்சம் பிடித்தது நூற்றைம்பது ரூபாய் இருக்கும். மூன்று வருடம் கழித்து, 2011 டிசம்பர் 30 விடியற்காலை, ‘தானே’ புயல் கரையைக் கடந்தபோது மாடி அறையின் கிழக்கு ஜன்னல் ஷட்டர் (கண்ணாடி பொருத்திய, திறந்து மூடுகிற பகுதி) மூலை பிரிந்து கண்ணாடியோடு உள்ளே விழுந்தது. நல்லவேளை, எல்லோரும் கீழே படுத்திருந்தோம். மறுநாள் மற்ற ஷட்டர்களைக் கழற்றினேன். ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகியதும் தலை மட்டும் கையோடு வந்தது. ஓட்டையைச் சுற்றி மைதா மாவு மாதிரி வெள்ளைப் பொடி. இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். பாட்டரிக்குள் நடக்கிற அதே வேலை, நீங்கள் வகுப்பில் நடத்தியிருப்பீர்கள்.

ஆகவே ஒரு சின்னக் காந்தத் துண்டை எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்க்ரூ ‘டப்’பென்று ஒட்டினால் வேண்டாம். லேசாக இழுத்தால் பரவாயில்லை. 304 தர எஸ்.எஸ். கட்டாயம், உங்கள் தூரத்துக்கு 316 கிடைத்தால் இன்னும் நல்லது. இரும்பு கிரில்லை அலுமினிய பிரேமில் முடுக்க விடாதீர்கள். சுவரில் தனியாக நிற்கட்டும்.

மேல்பூச்சு: அனோடைசிங் (மின்சார முறையில் ஏற்றுகிற பாதுகாப்புப் படலம்) என்றால் 25 மைக்ரான் தடிமன் கேளுங்கள். பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் பிடிக்க வைக்கிற பெயின்ட்) என்றால் 60 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்தால் போதும். ஆசிட் கிட்டவே வரக் கூடாது.

பக்கவாட்டில் தள்ளுகிற ஸ்லைடிங்கா, கதவு மாதிரித் திறக்கிற ஜன்னலா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இரண்டு ஷட்டர் ஸ்லைடிங்கில் பாதி ஜன்னல்தான் திறக்கும். கொசுவலைக்காக மூன்று டிராக் (ஷட்டர் ஓடுகிற தடம்) போட்டாலும் அதே பாதிதான். கடலூரில் மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்து வருகிற கடல்காற்றை விட்டுவிட்டு ஏ.சி. வாங்குவானேன்? கிழக்குப் பக்கம் மட்டும் திறக்கிற மாதிரி வையுங்கள். மூடினால் ரப்பரில் அழுந்தி உட்காரும், சாய்ந்தடிக்கிற மழைக்கு அதுதான் சரி. ஸ்லைடிங்கில் இருப்பது வெறும் பிரஷ் மாதிரி நார், புயல் மழையில் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். மற்ற பக்கம் ஸ்லைடிங் போதும், செலவும் குறையும்.

அப்புறம், மேஸ்திரியிடம் ஒன்று. பூச்சு வேலை முழுக்க முடிந்து காய்ந்த பிறகுதான் ஜன்னல் மாட்ட வேண்டும். ஈரச் சிமென்ட் பட்ட அலுமினியத்தில் விழுகிற கறை எதற்கும் போகாது. ஜன்னலுக்கு அடியில் போடுகிற கடப்பாக் கல்லை வெளிப்பக்கம் சரிவாகப் போடச் சொல்லுங்கள். தேக்கு போடாத கோபத்தில் இதை மறந்துவிடப் போகிறார்.

கேள்வி: போன வருடம் போட்ட ஸ்லைடிங் ஜன்னலில் மழை பெய்தால் கீழ் டிராக்கில் தண்ணீர் தேங்கி ஹாலுக்குள் வழிகிறது. சிலிக்கான் அடித்துப் பார்த்தோம், அதிகமாகிவிட்டது.
வாசகர், திண்டிவனம்

பதில்: ஆகத்தான் செய்யும். வடிகிற ஓட்டையையே அடைத்திருப்பீர்கள். டிராக்கின் வெளி ஓரத்தில் நீளவாக்கில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், தண்ணீர் வெளியேற வைத்தவை. பெயின்டர் பட்டியோ உங்கள் சிலிக்கானோ அதில் இருக்கும். பழைய குடைக் கம்பியால் குத்தி எடுத்துவிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளிச் சுவரில் இறங்கினால் சரியாகிவிட்டது. ஹால் பக்கம் வந்தால் பிரேமை முன்பின்னாக மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சிரிக்காதீர்கள், என் பையன்களே ஒரு வீட்டில் அப்படி மாட்டிவிட்டு வந்திருக்கிறார்கள்.