"வெறும் ஜி.பி.யா?" என்று கேட்ட அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

ஹவுஸ் சர்ஜன் முடிக்கப்போகும் உங்கள் மகள், இங்கிலாந்தில் குடும்ப டாக்டராக (ஜி.பி.) போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து உங்களுக்குத் தூக்கம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். "இவ்வளவு படித்துவிட்டு வெறும் ஜி.பி.யா?" என்ற வரியில் உங்கள் கவலை முழுக்கத் தெரிந்தது.

எம்பிபிஎஸ்ஸோடு படிப்பை நிறுத்தியவர் செய்யும் வேலை அல்ல அது. அங்கே அதற்கென்று மூன்று வருடப் பயிற்சி, குடும்ப டாக்டர்களுக்கான எம்ஆர்சிஜிபி தேர்வு எல்லாம் உண்டு. தேர்வின் ஒரு பகுதியில், நோயாளியாக நடிப்பவர்களோடு 12 சந்திப்புகள், ஒவ்வொன்றும் 12 நிமிடம். நம்மூர்ப் பாட்டி "நெஞ்சு படபடங்குது" என்றால் உங்கள் மகளுக்குச் சட்டென்று புரியும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பாட்டி சொல்வதும் அப்படிப் புரிய வேண்டும். இலக்கண ஆங்கிலம் அதற்குப் போதாது.

1960களில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன டாக்டர்கள் பலருக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளின் உயர் பதவிகள் எட்டவில்லை. அங்குள்ள டாக்டர்கள் போகத் தயங்கிய வேல்ஸ் நிலக்கரி ஊர்களில் குடும்ப டாக்டராக உட்கார்ந்து, தாத்தா முதல் பேரன் வரை பார்த்தவர்கள் அவர்களில் உண்டு. உங்கள் மகள் நினைக்கும் வேலையை அவர்களை வைத்தே நான் மதிக்கிறேன்.

இந்தப் படிப்புக்கு இன்னொரு பலம், அது நாடு தாண்டும். இங்கிலாந்தில் ஜி.பி. பயிற்சியை முழுதாக முடித்தவருக்கு அங்கே டாக்டராகப் பதிவு பெற ஆஸ்திரேலியா 2024 அக்டோபரில் விரைவுப் பாதை திறந்தது. கனடாவின் குடும்ப மருத்துவர் கல்லூரி என்ற அமைப்பும் அந்தப் பயிற்சியை ஏற்று, மறுதேர்வு இல்லாமல் சான்றிதழ் தருகிறது. எந்த நாட்டில் பயிற்சி முடிக்கிறோம் என்பதைப் பொறுத்தே அடுத்த கதவுகள் திறக்கும். அதனால் அந்த முடிவை முதலில் எடுங்கள்.

கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கிலாந்தில் டாக்டராகப் பதிய எழுதும் தேர்வு பிளாப். அதன் முதல் தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம், இரண்டாவதுக்கு மான்செஸ்டர் போயாக வேண்டும். இரண்டிலும் தேறினால் பதிவுதான் கிடைக்கும், வேலை தனியாகத் தேட வேண்டும். பயிற்சி இடத்துக்குக் கடும் போட்டி. தங்கள் நாட்டில் படித்தவர்களுக்கே முன்னுரிமை என்று 2025 ஜூலையில் வந்த பத்தாண்டுச் சுகாதாரத் திட்டத்தில் இங்கிலாந்து அரசு எழுதியும் விட்டது. பிளாப் தேறியும் வேலையில்லாமல் காத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். கடன் வாங்கி அனுப்புவதாக இருந்தால் இந்த ஒன்றை நன்றாக யோசியுங்கள்.

ஆஸ்திரேலியாவில் வேறொரு கட்டு. வெளிநாட்டில் படித்த டாக்டர் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் பணம் பெற, பொதுவாகப் பத்து வருடம் டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் வேலை பார்க்க வேண்டும். சிட்னி நடுவில் கிளினிக் என்ற கனவு உடனே நடக்காது. நாளைக்கு வரும் மாப்பிள்ளையின் வேலையும் அந்தச் சிறு ஊரில் அமைய வேண்டும்.

ஊரிலேயே இருக்க மனம் இருந்தால், நீட் பிஜி வழியாகக் குடும்ப மருத்துவத்தில் மூன்று வருட டிஎன்பி என்ற மேற்படிப்பு இருக்கிறது. வேலூர் சிஎம்சியில் இதற்கென்று துறையே உண்டு. ஜெனரல் ஓ.பி.யில் உட்கார அவளுக்கு உண்மையில் பிடிக்கிறதா என்று கேளுங்கள். ஒரே நாளில் சர்க்கரை, குழந்தைக் காய்ச்சல், மனச்சோர்வு மூன்றையும் பார்த்துவிட்டு அவள் உற்சாகமாக வீடு திரும்பினால் தடுக்காதீர்கள்.

இங்கிலாந்தில் பதிய, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் 7 வேண்டும். மதிப்பெண் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். எந்த நாடு என்று முடிவாகும்வரை அந்தத் தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டாம்.