நான் அழுதால் குழந்தைக்கு ஆகாதா?

மேடம், எனக்கு இப்போது ஏழாம் மாதம். மாமியாரோடு தினமும் ஏதாவது ஒரு பேச்சு. வளைகாப்பை மண்டபத்தில் வைக்கலாம் என்று அம்மா சொன்னதற்கு, "உங்க வீட்டுப் பெருமைக்கா?" என்று கேட்டார். மாம்பழம் சாப்பிட்டால் சூடாம், மோர் குடித்தால் சளியாம். கணவரிடம் சொன்னால் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "அம்மா அப்படித்தான், கண்டுக்காதே" என்கிறார். டென்ஷனானால் ஏதோ ஹார்மோன் சுரந்து குழந்தைக்கும் போகும் என்று யூடியூபில் பார்த்தேன். மாமியாரிடம், "குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் காரணம்" என்று சொல்லியே விட்டேன். அன்றிலிருந்து பேச்சில்லை, சாப்பாட்டுத் தட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அப்பா இறந்தபோது அழுதுகொண்டே கிடந்தேன், அப்போது ஒரு கரு இரண்டாம் மாதத்தில் கலைந்தது, அது போகட்டும். வளைகாப்பு விஷயத்தில் நான்தான் எப்போதும் விட்டுக்கொடுக்க வேண்டுமா? தனிக்குடித்தனம் போய்விடலாமா?

ஆலோசகர் பதில்:

வளைகாப்பு இருக்கட்டும் அம்மா. "அது போகட்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது போகவில்லை. ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். அப்பாவுக்காக மகள் அழுததை அந்தக் கணக்கில் எழுதாதீர்கள்.

ஹார்மோன் விஷயம் பாதி உண்மை. டென்ஷனில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன் குழந்தைக்குப் போகும், ஆனால் அப்படியே போகாது. நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி அதில் பெரும்பகுதியைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றிவிடும். சண்டையே போடாத கர்ப்பிணிக்கும் கடைசி மாதங்களில் கார்ட்டிசால் இரண்டு மூன்று மடங்கு ஏறத்தான் செய்யும். குறைமாதப் பிரசவம் நேரும் என்று தெரிந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர மருத்துவர்களே அதே வகை ஸ்டீராய்டைத் தாய்க்கு ஊசியாகப் போடுகிறார்கள். (இருமலுக்கு அதிமதுரம் மெல்லும் பழக்கம் இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள், அந்த நொதியை அது தடுக்கும்.)

தினசரி வாய்ச்சண்டைக்கு இவ்வளவு பயம் தேவையில்லை. ஆனால் நாள்பட்ட கடும் மனச்சோர்வு வேறு. குறைமாதப் பிரசவத்துக்கும் குழந்தையின் எடைக் குறைவுக்கும் அதோடு தொடர்பு உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாமியார் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. இத்தனை நாளாக உங்கள் மேலேயே போட்டுக்கொண்டிருந்த பழியைத்தான் தூக்கி அவர் மேல் போட்டீர்கள். பேரக்குழந்தைக்குக் காத்திருப்பவரிடம் சொல்லும் வார்த்தையா அது? ஆனாலும் தட்டு நேரத்துக்கு வருகிறதே, பாருங்கள். "கோபத்தில் சொல்லிட்டேன் அத்தை" என்றால் போதும்.

தனிக்குடித்தனம் பற்றிக் குழந்தை பிறந்தபின் யோசிக்கலாம். கலைந்த கருவைப் பற்றிக் கணவரிடம் என்றாவது பேசினீர்களா? கடிதத்தில் அவர் செல்போன்தான் வருகிறது, அவர் வரவில்லை. மண்டபமா வீடா என்பதற்கு முன்னால் அதைப் பேசுங்கள்.