கேட்டு வரைவதும் கேட்காமல் வரைவதும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஒன்பது வருடமாக ஆர்டரின் பேரில் உருவப்படங்கள் வரைந்து வருகிறேன். பெரும்பாலும் எண்ணெய் வண்ணம், சில சமயம் அக்ரிலிக். போனில் ஒரு புகைப்படம் அனுப்புவார்கள், நான் கேன்வாஸில் வரைந்து அனுப்புவேன். வீடு இதில்தான் ஓடுகிறது. அதில் எனக்குக் குறை இல்லை.

ஆனால் சமீபகாலமாக பிரஷைத் தொடவே கை வரமாட்டேன் என்கிறது. போன மாதம் ஒருவர், தன் மனைவியின் படத்தில் மூக்கைச் சிறிதாக்கச் சொன்னார். அவர் அனுப்பிய புகைப்படத்தில் இருப்பதும் அதே மூக்குதான். மூன்று முறை திருத்தினேன். இன்னொரு வீட்டில், பெண்ணின் நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாகப் போடச் சொன்னார்கள். போட்டுக் கொடுத்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

எனக்காக என்று வரைந்தது மூன்று வருடத்தில் இரண்டே படம். இரண்டுமே முடியவில்லை. ஒன்று, அம்மா மதியம் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்துத் தொடங்கியது. அது இப்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. சொந்தப் படங்கள் மட்டுமே வரையும் நண்பன் ஒருவன், "நீ செய்வது வேலை, கலை இல்லை" என்கிறான். ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிடலாமா?

பெயரைப் போட வேண்டாம்.

ஓர் ஓவியன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பரின் பேச்சை முதலில் பார்த்துவிடலாம். அது தவறு. 1485-இல் ஃப்ளாரன்ஸில் கிர்லாண்டாயோ என்ற ஓவியர், கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்க்கும் இல்லம் ஒன்றின் தேவாலயத்துக்குப் படம் வரைந்து தர ஒப்பந்தம் போட்டார். அதன் வாசகம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. முழுக்க அவர் கையாலேயே வண்ணம் தீட்ட வேண்டும். காகிதத்தில் காட்டிய வரைவின்படியே இருக்க வேண்டும். நீலம், அவுன்ஸ் நான்கு ஃப்ளோரின் பெறுகிற அல்ட்ராமரைனாக இருக்க வேண்டும். முப்பது மாதத்தில் முடிக்க வேண்டும். நீலத்தின் விலை வரைக்கும் சொல்லிவிட்டார்கள். அந்தக் கட்டுகளுக்குள்ளிருந்து வந்த படத்தில், குழந்தை ஏசுவைக் காண வந்த அரசர்களோடு காயம்பட்ட இரண்டு சின்னக் குழந்தைகளும் மண்டியிட்டிருக்கிறார்கள். கைவிடப்பட்ட பிள்ளைகளின் இல்லத்தில் அந்தப் படம் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரெம்பிராண்ட் 1642-இல் முடித்த 'இரவுக் காவல்' படமும் ஆர்டர்தான். நகரக் காவல் படையினர் ஆளுக்கு ஒரு பங்கு பணம் போட்டுத் தங்களை வரையச் சொன்னார்கள். பணம் போட்டவர்களை வரிசையாக உட்காரவோ நிற்கவோ வைத்து வரைவது அன்றைய வழக்கம். அவர் எல்லோரையும் கிளப்பி நடக்க வைத்துவிட்டார். ரவி வர்மாவின் புராணப் படங்களில் 14 படங்கள் பரோடா மன்னர் கேட்டு வரைந்தவை. இவற்றையெல்லாம் 'வேலை' என்று தள்ளிவிட்டால் ஓவியக்கூடங்களில் சுவர்தான் மிஞ்சும்.

சரி, நண்பரை விடுவோம். உங்கள் சோர்வு உண்மையானது. அதற்குக் காரணம் நீங்கள் நினைப்பது அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மூக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்தக் கணவர் அனுப்பியது, கை நீட்டும் தூரத்தில் போனை வைத்து எடுத்த படம் என்றுதான் ஊகிக்கிறேன். மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே ஐந்து அங்குலம் இருக்கும். பதினைந்து அங்குலத்தில் போனை வைத்தால் அந்த ஐந்து அங்குலம் பெரிய பங்கு. மூக்கு முன்னால் வந்து பெருக்கும், காதுகள் பின்னால் போய் ஒடுங்கும். ஏழடி தள்ளி நின்று பார்க்கும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. மனைவியை அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்து வந்தது அந்த ஏழடியிலிருந்து. அறையின் அந்தப் பக்கமிருந்து, வாசலிலிருந்து. அவருக்குத் தெரிந்த மூக்கு வேறு, புகைப்படத்தில் இருந்த மூக்கு வேறு. அதைச் சொல்ல வார்த்தை தெரியாமல் "சிறிதாக்குங்கள்" என்றிருக்கிறார். நீங்கள் மூன்று முறை மூக்கை மட்டும் குறைத்திருப்பீர்கள். காதையும் கன்ன எலும்பையும் அதன் இடத்துக்குக் கொண்டுவராமல் மூக்கை மட்டும் குறைத்தால் முகம் இன்னும் கெடும். அதனால்தான் மூன்றாவது முறையும் தேவைப்பட்டது.

அவர் சொன்னது திருத்தம் அல்ல, தம்பி, தகவல். உங்களிடம் இல்லாத தகவல்.

இதை நான் மிகத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒருவர் தன் தந்தையின் படத்துக்காக வந்தார். தந்தை இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கையில் இருந்தது ஓர் அடையாள அட்டைப் படம் மட்டும். முன்னாலிருந்து அடித்த ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகத்தின் மேடுபள்ளமெல்லாம் தட்டையாகிப் போயிருந்தது. நான் ஐந்து வாரம் உழைத்தேன். அளவெல்லாம் கச்சிதம். அவர் வந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா அப்பா இல்லை" என்றார். எனக்குக் கோபம் வந்தது. புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் வாதாடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா கண்ணாடி போடுவார். அது மூக்கில் இறங்கிட்டே இருக்கும். அதுக்கு மேல பார்த்துதான் எங்களோட பேசுவார். இந்தப் படத்துக்குக் கண்ணாடியைக் கழட்டச் சொல்லிட்டாங்க" என்றார். சொல்லும்போதே அவர் முகவாய் தாழ்ந்து, கண்கள் மேலே ஏறி, புருவம் நெற்றியில் மடிப்பைக் கொண்டுவந்தது. அவருக்கே தெரியாமல் அப்பாவைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்.

ஐந்து வாரத்தில் நான் இதைக் கேட்கவே இல்லை. அளவு, தேதி, பணம் எல்லாம் கேட்டேன். அவர் அப்பா எப்படிப் பார்ப்பார் என்று கேட்கவில்லை.

அந்த கேன்வாஸை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தேன். அவரையே இரண்டு நாள் உட்கார வைத்து, அந்தத் தலைச்சாய்வைப் பென்சிலில் பிடித்தேன். தந்தையின் இமைகள் தன் அக்காவுக்கு வந்திருப்பதாகச் சொன்னார். அந்த அக்காவும் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழுவதாக வைத்துக்கொண்டேன். படத்தை வீட்டில் மாட்டிய அன்று அவருடைய தாயார் முன்னால் வந்து நின்று, "மறுபடியும் கண்ணாடி இறங்கிடுச்சு பாரு" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதற்குமேல் ஒன்றை நான் மதித்ததில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது இதுதான் ஞாபகம் வந்தது. ஒன்பது வருடமாக நீங்கள் வரைவது ஆட்களை அல்ல, போனில் வரும் படங்களை. புகைப்படம் ஒரு கண்ணால், ஒரு நொடியில் பார்த்தது. நிழலைக் கறுப்பாக்கி அதற்குள் இருக்கும் நிறத்தைத் தின்றுவிடும். அதிலிருந்து மாதக்கணக்கில் பிரதி எடுத்தால் யாருக்கும் கை செத்துப்போகும். ஆர்டர் உங்களைக் கொல்லவில்லை, அந்தச் சின்னத் திரை கொல்கிறது. சொந்தப் படங்கள் நின்றுபோனதும் அதனால்தான். பார்ப்பதற்குப் பழகாத கண்ணை, மாதம் ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று பார் என்றால் அது எதைப் பார்க்கும்?

செசான் 1899-இல் தன் படங்களை விற்றுவந்த வொல்லாரை வரைந்தார். 115 முறை உட்கார வைத்ததாக வொல்லாரே எழுதியிருக்கிறார். அத்தனைக்கும் பிறகு செசான், சட்டையின் முன்பக்கம் பரவாயில்லை என்று மட்டும் சொன்னாராம். உங்களை 115 முறை கேட்கவில்லை. அடுத்த ஆர்டரில் ஒரு மணி நேரம் நேரில் உட்காரச் சொல்லிக் கேளுங்கள். வெளியூர்க்காரர் என்றால் ஒரு படத்துக்குப் பதில் பத்துப் படங்கள் அனுப்பச் சொல்லுங்கள். தள்ளி நின்று எடுத்தது, பக்கவாட்டில் எடுத்தது, சிரிக்காமல் இருப்பது. அப்புறம் பேசுங்கள். அவர் உட்காரும்போது கையை எங்கே வைப்பார், யார் வந்தால் முகம் மாறும் என்று கேளுங்கள். படத்தின் பாதி அந்தப் பேச்சிலேயே தொடங்கிவிடும்.

இனி நிறம். அதுவும் மூக்கும் ஒன்றல்ல. மூக்கைப் பற்றிச் சொன்னவர் தன் மனைவியைத் தேடினார். நிறத்தைப் பற்றிச் சொன்னவர்கள் அந்தப் பெண்ணையே மாற்றச் சொன்னார்கள். அன்று இரவு உங்களுக்குத் தூக்கம் வராததில் எனக்கு நிம்மதிதான். இனி செய்யாதீர்கள். வேலை கையைவிட்டுப் போனாலும் பரவாயில்லை. நான் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவேன்: "வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம், ஆளை மாற்ற மாட்டேன்." உள்ளங்கை அளவில் ஒரு வண்ண வரைவு போட்டுக் காட்டி, அதற்கு ஒப்புக்கொண்ட பிறகுதான் பெரிய கேன்வாஸைத் தொடுவேன். பெரும்பாலும் அந்தச் சின்ன வரைவே அவர்கள் மனதை மாற்றிவிடும். கறுத்த நெற்றியில் வானத்தின் நீலம் விழுந்து பளபளப்பதையும், காது மடலில் வெளிச்சம் ஊடுருவிச் சிவப்பதையும், கழுத்து நிழலில் கத்தரிப்பூ நிறம் இருப்பதையும் அவர்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. வெள்ளையைக் கலந்தால் தோல் வெளுக்காது, சாம்பல் பூத்துவிடும். உங்களுக்கே தெரியும். பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் சேர்ந்து கொடுக்கும் ஆழத்தை விட்டுவிட்டு யாராவது அந்தச் சாம்பலுக்குப் போவார்களா?

உண்மையாகப் பார்த்து வரைந்தால் எல்லோரும் மகிழ்வார்கள் என்று நான் உறுதி சொல்லவில்லை. 1954-இல் சர்ச்சிலின் எண்பதாவது பிறந்தநாளுக்காக நாடாளுமன்ற உறுப்பினர்கள் சேர்ந்து கிரஹாம் சதர்லண்ட் என்ற ஓவியரைக் கொண்டு அவரை வரைய வைத்தார்கள். தளர்ந்த, கனத்த ஒரு முதியவரை அவர் வரைந்தார். சர்ச்சிலுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. பிறகு அந்தக் குடும்பமே படத்தை அழித்துவிட்டது. அதற்காக சதர்லண்ட் போட்ட ஆயத்த வரைவுகள் மட்டும் மிஞ்சின. இப்படியும் நடக்கும். அப்படி ஒருநாள் எனக்கு நடந்தால், வெளுப்பாக்கிக் கொடுத்துவிட்டு விழித்திருப்பதைவிட அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

காரியத்துக்கு ஆகிற சில விஷயங்கள். அளவு, தேதி, அட்வான்ஸ், எந்தக் கட்டத்தில் எத்தனை திருத்தம் என்று எழுதி வாங்குங்கள். பென்சில் வரைவில் ஒன்று, வண்ண வரைவில் ஒன்று, அதற்குமேல் என்றால் தனிப் பணம் என்று வையுங்கள். பாதி வரைந்த படத்தை போட்டோ எடுத்து அனுப்பவே அனுப்பாதீர்கள். அடிப்பூச்சின் பச்சையைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். எண்ணெய் வண்ணம் நீர் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றோடு சேர்ந்து மெல்ல இறுகுவது. வழக்கமான வார்னிஷுக்கு ஆறு மாதமாவது வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பணம் கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்தின் பதிப்புரிமை சில நாடுகளில் சொன்னவருக்குப் போகும், சிலவற்றில் வரைந்தவரிடமே இருக்கும். அதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்கள். ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1907 வாக்கில், புகழின் உச்சியில் இருந்தபோது, உருவப்பட ஆர்டர்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். அவருக்கும் சலித்துத்தான் போயிருந்தது. போன இடமெல்லாம் தனக்காக நீர்வண்ணத்தில் வரைந்தார். ஆனால் அதே வருடங்களில் பாஸ்டன் பொது நூலகத்தின் சுவரோவியங்களையும் செய்துகொண்டிருந்தார், அதுவும் ஆர்டர்தான். ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு ஓடுவதாக எனக்கு அது தெரியவில்லை. எது தன் கண்ணை உயிரோடு வைக்கிறதோ அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறார். உங்கள் வீடு ஆர்டரில் ஓடுகிறது. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எதை ஒப்புக்கொள்வது என்பதை மாற்றுங்கள். ஒற்றை போன் படத்தை அனுப்பி, பேசவும் நேரமில்லை என்பவர்களுக்கு முடியாது என்று சொல்லுங்கள். வருமானம் கொஞ்சம் குறையும். அதைத் தாங்க எத்தனை மாதம் ஆகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டு, படிப்படியாகச் செய்யுங்கள்.

நேரத்தையும் மாற்றுங்கள். ஆர்டரை முடித்துவிட்டு மிஞ்சிய நேரத்தில் சொந்தப் படம் என்று வைத்திருப்பீர்கள். மிஞ்சிய நேரத்தில் கண்ணும் மிஞ்சியதாகத்தான் இருக்கும். நான் காலையின் முதல் இரண்டு மணி நேரத்தை எனக்கென்று வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் வாடிக்கையாளரின் கேன்வாஸ் துணி போட்டு மூடியே இருக்கும். ஒன்றும் வராத காலையும் உண்டு. அன்றைக்கும் எழுந்து போவதில்லை.

உங்கள் அம்மாவின் படத்துக்கு வருகிறேன். கடிதம் முழுவதிலும், நேரில் பார்த்து வரைந்ததாக நீங்கள் சொன்னது அந்த ஒன்றைத்தான். அதை முதலில் திருப்பி வையுங்கள். எண்ணெய் வண்ணம் என்றால், அதிலுள்ள லின்சீட் எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும். சுவரைப் பார்த்து நின்றதில் வெளிர்ந்த இடங்களெல்லாம் பழுத்திருக்கும். நேர் வெயில் படாமல் ஜன்னல் வெளிச்சத்தில் சில வாரம் வைத்தால் அந்த மஞ்சள் பெருமளவு இறங்கிவிடும். பிறகு தூசியைத் துடைத்து, மங்கிப்போன இடங்களில் மிக மெல்லிசாக எண்ணெய் தடவி, உபரியைத் துணியால் எடுத்துவிடுங்கள். பழைய நிறங்கள் எழுந்து வரும், புதுப் பூச்சும் ஒட்டும்.

அதுவரை பிரஷை எடுக்க வேண்டாம். மூன்று வருடத்தில் அம்மாவின் முகம் மாறியிருக்கும். மதியத்தில் இன்னும் தூங்குவார் அல்லவா? ஸ்கெட்ச் புத்தகத்தோடு பக்கத்தில் போய் உட்காருங்கள். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா