ஷெல் ஆவணத்தில் ஒரு சிறு கோடு

அன்புள்ள ஐயா,

நான் அன்றாடம் பயன்படுத்தும், தட்டச்சு செய்த கட்டளைகளை இயக்கும் நிரலான ஷெல்லின் மேன் பக்கத்திலிருந்து (கணினியிலேயே உள்ள கையேட்டுப் பக்கம்) சில எடுத்துக்காட்டுகளை நகலெடுத்து முனையத்தில் ஒட்டினால் பிழைச்செய்தி வருகிறது. அதே வரியைக் கையால் தட்டச்சு செய்தால் ஓடுகிறது. கோடுகளும் மேற்கோள் குறிகளுமே காரணம் என்று கண்டு, திருத்தி அனுப்ப எண்ணியிருக்கிறேன். நிரலில் ஒரு வரிகூட மாறாத இந்த வேலையை யார் மதிப்பார்கள் என்று உடன் பணிபுரிபவர் கேட்கிறார். தங்கள் கருத்து என்ன?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தயங்காமல் அனுப்புங்கள். ஷெல்லின் ஆவணத்தில் அச்சாகும் குறிகளை வாசகர் அப்படியே எடுத்து இயந்திரத்திடம் கொடுக்கிறார் என்பதால், அங்கே எழுத்தமைப்புப் பிழை என்பது பொருட்பிழையே. கொடுத்ததை அப்படியே அச்சிடும் எக்கோ கட்டளைக்குப் பின் 'அ > ஆ' என்று நேரான மேற்கோளுக்குள் இட்டால் அது திரையில் அச்சாகும். அதையே ‘அ > ஆ’ என்று வளைந்த மேற்கோளோடு ஒட்டினால், ஷெல்லுக்கு அவை வெறும் எழுத்துகள். நடுவிலுள்ள குறி வெளியீட்டைத் திருப்பிவிட, ஆ என்ற எழுத்தும் மூடும் மேற்கோளும் சேர்ந்த பெயரில் ஒரு கோப்பு உருவாகும். பிழைச்செய்திகூட வராது. கோடு பிறழ்ந்தால், கோட்டோடு எழுதி கட்டளையின் நடத்தையை மாற்றும் விருப்பத்தேர்வு கோப்பின் பெயராகக் கொள்ளப்பட்டு, கட்டளை தோற்றுவிடும். அந்த அளவில் அது குறைந்த கேடு.

இதன் வேர், மேன் பக்கங்களை வடிவமைக்கும் பழைய மென்பொருளான ட்ராஃபின் மரபில் இருக்கிறது. மூலத்தில் வெறும் - என்று எழுதினால் அது சொற்களை இணைக்கும் கோடு; விசைப்பலகையில் தட்டும், ஆஸ்கி எழுத்துக்குறியீட்டில் 45 ஆகிய குறி வேண்டுமென்றால் \- என்று எழுத வேண்டும். நேரான ஒற்றை மேற்கோளுக்கும் இடச்சாய்வு மேற்கோளுக்கும் இவ்வாறே தனிக் குறியீடுகள் உண்டு. யூனிகோடு முனையங்களில் இந்த வேறுபாட்டைப் பல காலம் மறைத்து வந்த, ட்ராஃபின் இன்றைய வடிவமான குரூஃப், 2023 ஜூலையில் வந்த 1.23 பதிப்பில் மறைப்பதை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான பக்கங்கள் உடையும் என்பதால் லினக்ஸ் வெளியீடான டெபியன் தன் அமைப்புக் கோப்பில் பழைய நடத்தையை மீட்டது. பயனரைக் காத்த டெபியனின் முடிவு எனக்குப் புரிகிறது. ஆனாலும் பிழை வெளியே தெரிந்தால்தான் திருத்தப்படும் என்பதால் நான் குரூஃபின் பக்கமே நிற்கிறேன்.

ஒரே கட்டளையில் எல்லாக் கோடுகளையும் மாற்றிவிடலாம் என்ற ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். உரையில் இரு சொற்களை இணைக்கும் கோடு இணைப்புக்கோடாகவே இருக்க வேண்டும். எனவே ஒவ்வோர் இடத்தையும் வாசித்து, இதை ஒருவர் தட்டச்சு செய்வாரா என்று கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். இந்த வாசிப்பே இவ்வேலையின் உழைப்பு. உங்கள் உடன் பணிபுரிபவர் காணத் தவறுவதும் இதைத்தான்.

புள்ளியையும் கவனியுங்கள். ஒரு கோப்பின் கட்டளைகளை நடப்பு ஷெல்லிலேயே இயக்கும் கட்டளையின் பெயர் வெறும் புள்ளி. ட்ராஃபிலோ வரியின் முதலில் வரும் புள்ளி வடிவமைப்புக் கட்டளையின் அடையாளம். அப்படித் தொடங்கும் எடுத்துக்காட்டு, வெளியீட்டில் தடமின்றி மறைந்துபோகும். புள்ளிக்கு முன் \& இட்டால் போதும். இருப்பது தவறாயிருந்தால் யாரேனும் கண்டுபிடிப்பார்கள். இல்லாத வரியைத் தேடுபவர் அரிது என்பதால் மூலத்தையும் வெளியீட்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். இன்னொன்று, <<- என்று தொடங்கி ஒரு முடிவுச்சொல் வரை கட்டளைக்கு உள்ளீடாகத் தரப்படும் உரைத்தொகுதியில் வரிமுன் உள்ள டேப்களை மட்டுமே ஷெல் நீக்கும். ஆவணக் கருவி அவற்றை வெற்றிடங்களாக மாற்றியிருந்தால், நகலெடுத்தவரின் ஷெல் முடிவுச்சொல்லைக் கண்டுகொள்ளாது.

எங்கே திருத்துவது என்பது ஷெல்லுக்கு ஷெல் வேறுபடும். பாஷ் என்ற ஷெல்லில் மேன் பக்கமும், டெக்ஸின்ஃபோ என்ற ஆவண வடிவில் எழுதிய கையேடும் தனித்தனிக் கோப்புகள்; உள்ளமைந்த கட்டளைகளின் உதவிச் செய்தி மூன்றாவதாக நிரலோடு சேர்ந்திருக்கிறது. மூன்றையும் பாருங்கள். இசட் ஷெல் யோடில் என்ற ஆவணக் கருவியின் மூலத்திலிருந்தும், ஃபிஷ் என்ற ஷெல் ஸ்பிங்க்ஸ் என்ற கருவியின் மூலத்திலிருந்தும் மேன் பக்கத்தை உருவாக்குவதால், அங்கே உருவான பக்கத்தைத் திருத்திப் பயனில்லை.

சொற்களை மாற்றும் திருத்தத்தை இதனோடு கலக்காதீர்கள். ஆவணத்தைப் பராமரிப்பவருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்க நேரமிராது. முதல் பேட்சில் (அனுப்பும் திருத்தத் தொகுப்பு) எடுத்துக்காட்டு வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பக்கத்திலிருந்தே நகலெடுத்து ஓட்டிப் பாருங்கள். எந்தக் குரூஃப் பதிப்பில் சோதித்தீர்கள் என்பதையும், தோற்ற வரி ஒன்றையும் விளக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.