ஆசிரியர் பேரவைகளுக்கு உண்மையில் என்ன அதிகாரம்? – கேள்வி பதில்

பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களைக் கொண்ட குழுக்கள் என்ன செய்கின்றன, அவற்றின் பேச்சு எந்த அளவு எடுபடும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். செனட்டிலும் பாடத்திட்டக் குழுக்களிலும் நெடுங்காலம் உட்கார்ந்து எழுந்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி (புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்): சார், செனட், சிண்டிகேட், கல்விக் குழு, பாடத்திட்டக் குழு என்று வரிசையாகச் சொல்கிறார்கள். எது எதைச் செய்கிறது?

பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஐ.ஐ.டி.யில் செனட் என்றால் படிப்பு, தேர்வு, கல்வித் தரம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் பேராசிரியர்கள் சபை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் செனட் என்பது வெளியாட்களும் இருக்கும் பெரிய பேரவை. படிப்பு விஷயத்தைக் கல்விக் குழு பார்க்கும், நிர்வாகத்தைச் சிண்டிகேட் பார்க்கும். ஆக்ஸ்ஃபோர்டில் காங்கிரகேஷன் என்ற சபைதான் உச்சம். அதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், பெரும்பாலும் கல்விப் பணியில் இருப்பவர்கள்.

அதனால் மூன்று விஷயங்களை மட்டும் விசாரியுங்கள். பணத்தை ஒதுக்குவது யார்? ஆளை எடுப்பது யார்? எதைப் படித்தால் பட்டம் என்று சொல்வது யார்? முதலாவது அநேகமாக ஆட்சிக்குழுவிடம், அதாவது பல்கலைக்கழகத்தை நடத்தும் மேல்மட்டக் குழுவிடம் இருக்கும். மூன்றாவது ஆசிரியர்களிடம் இருக்கும், இருக்க வேண்டும். இழுபறி எல்லாம் நடுவில் உள்ளதைப் பற்றித்தான்.

கேள்வி (ஒரு மாணவரின் தந்தை): ஆசிரியர்கள் பாடம் நடத்தினால் போதாதா? நிர்வாகத்தில் அவர்களுக்கு என்ன வேலை?

நியாயமான கேள்விதான். இடைக்கால ஐரோப்பாவில் இரண்டு மாதிரிகள் இருந்தன. பாரிஸில் ஆசிரியர்கள் சங்கமாகக் கூடியதே பல்கலைக்கழகம் ஆயிற்று. போலோனியாவில் தலைகீழ்: மாணவர்கள் கூடி ஆசிரியர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். வாத்தியார் தாமதமாக வகுப்பைத் தொடங்கினால் அபராதம். ஊரை விட்டு வெளியே போகவும் அவர் மாணவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும்! ஆனால் கவனியுங்கள், அங்கேயும் தேர்வு நடத்தி இவர் தேறினார், இவர் தேறவில்லை என்று சொல்லும் உரிமை ஆசிரியர்களின் குழுவிடமே இருந்தது. சம்பளம் கொடுப்பவர் கையில் அது போனால் பட்டத்துக்கு மதிப்பில்லை என்பது அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாடத்திட்டம், தேர்வு, ஆசிரியர் நியமனத்தில் தகுதி பார்ப்பது எல்லாம் அதே தீர்ப்பின் நீட்சிதான். கட்டடம் கட்டுவதிலும் பேருந்து விடுவதிலும் ஆசிரியர்களின் கருத்து மற்றவர்களுடைய கருத்தைப் போலத்தான். அதில் நானும் உங்கள் பக்கம்.

கேள்வி (துறைத் தலைவர் ஒருவர்): எங்கள் தீர்மானத்தை மேலே இருப்பவர்கள் ஒதுக்கிவிட்டால்? நாங்கள் முடிவெடுக்கிறோமா, யோசனை மட்டும் சொல்கிறோமா?

இதுதான் விஷயத்தின் மையம். நாட்டுக்கு நாடு பதில் மாறும்.

அமெரிக்காவில் 1966இல் பேராசிரியர் சங்கமும், கல்லூரி நிர்வாகங்களையும் ஆட்சிக்குழுக்களையும் சேர்ந்த அமைப்புகளும் கூடி ஓர் அறிக்கையை உருவாக்கின. அதன்படி பாடம், கற்பிக்கும் முறை, ஆராய்ச்சி, ஆசிரியர் நியமனம் ஆகியவற்றில் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுக்கு. ஆட்சிக்குழு அதை மீறலாம், ஆனால் அபூர்வமான சூழ்நிலையில் மட்டுமே, அதுவும் காரணத்தை ஆசிரியர்களுக்குத் தெரிவித்துவிட்டு. இதில் மற்ற எதையும்விட அந்தக் கடைசி நிபந்தனையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 'முடியாது' என்பதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஏன் முடியாது என்று எழுத உட்கார்ந்தால்தான் பல முடிவுகள் நிற்காது என்பது எழுதுகிறவருக்கே தெரியும்.

ஆனால் அந்த அறிக்கை சட்டம் அல்ல. 2025இல் டெக்சாஸ் மாநிலம் கொண்டுவந்த சட்டத்தின்படி அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் செனட் இருக்கலாமா என்பதை ஆட்சிக்குழுவே முடிவு செய்யும். இருந்தாலும் அது ஆலோசனை மட்டுமே சொல்லலாம். ஜெர்மனியில் நேர் எதிர். 1973இல் அங்குள்ள அரசியல் சாசன நீதிமன்றம், ஆராய்ச்சியிலும் பேராசிரியர் நியமனத்திலும் முடிவைத் தீர்மானிக்கும் பெரும்பான்மை பேராசிரியர்களிடம் இருக்க வேண்டும் என்றது. அறிவியல் சுதந்திரம் அரசியல் சாசனத்தில் இருப்பதால் அதிலிருந்தே இதை எடுத்தார்கள். ஆக, உங்கள் பல்கலைக்கழகச் சட்டத்தை எடுத்து 'தீர்மானிக்கும்' என்று இருக்கிறதா, 'பரிந்துரைக்கும்' என்று இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி (ஆராய்ச்சி மாணவி): நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டால் பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலக வேண்டுமா?

சட்டப்படி பெரும்பாலும் இல்லை. 2005 மார்ச்சில் ஹார்வர்டின் கலை, அறிவியல் புல ஆசிரியர்கள் அப்போதைய தலைவர் லாரன்ஸ் சம்மர்ஸ் மீது 218க்கு 185 என்று நம்பிக்கையின்மை தெரிவித்தார்கள். அவர் பதவியில் தொடர்ந்தார். மறுபடி ஒரு வாக்கெடுப்பு வரவிருந்த நிலையில், 2006 பிப்ரவரியில் விலகுவதாக அறிவித்தார். தீர்மானத்தால் நாற்காலி உடனே காலியாகாது. ஆனால் அதற்குப் பிறகு அவர் கூப்பிட்டால் வர ஆள் இருக்காது.

கேள்வி (தனியார் கல்லூரி ஆசிரியர்): பேரவை இருந்தால் ஆசிரியர் சங்கம் எதற்கு?

இரண்டும் வேறு. சங்கம் சம்பளம், வேலை நேரம், பணிப் பாதுகாப்பு பற்றிப் பேரம் பேசும். பேரவை கல்வியைப் பற்றித் தீர்மானிக்கும். ஒன்று இன்னொன்றைக் கெடுத்த வேடிக்கையும் உண்டு. யெஷிவா என்ற தனியார் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள் சங்கம் வைத்துப் பேரம் பேச உரிமை கேட்டார்கள். 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதை ஏற்கவில்லை. பாடம், மதிப்பெண் முறை, மாணவர் சேர்க்கை எல்லாவற்றிலும் உங்கள் பேச்சுதான் எடுபடுகிறது, எனவே நீங்களே நிர்வாகம், நிர்வாகத்துக்கு அந்த உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கேள்வி (மாணவர் சங்கப் பொறுப்பாளர்): மாணவர்களுக்கு இடம் தர வேண்டாமா?

தரலாம். அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் 1918இல் மாணவர்கள் போராடிய பிறகு லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் ஆட்சியில் மாணவர்களுக்கும் பங்கு வந்தது. விடைத்தாள் மதிப்பீட்டில் மட்டும் வேண்டாம்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): ஆசிரியர்கள் கையில் அதிகாரம் கொடுத்தால் பழையதையே பிடித்துத் தொங்குவார்களே?

தொங்குவார்கள், மறுக்கவில்லை. ஆனால் பழி எப்போதும் ஆசிரியர்கள் மேல் மட்டும் இல்லை. கேம்பிரிட்ஜில் பெண்களுக்குப் பட்டம் தரும் யோசனை 1897இல் பெரும் தோல்வி கண்டது. அப்போது வாக்குரிமை எம்.ஏ. பட்டம் பெற்ற பழைய மாணவர்களுக்கும் இருந்தது; வெளியூர்களிலிருந்து ரயிலேறி வந்து எதிர்த்து வாக்களித்தவர்கள் ஏராளம். 1921இலும் முழு உரிமை கிடைக்கவில்லை. 1920களில் ஆட்சி அங்கேயே பணிபுரிகிறவர்களின் சபைக்கு மாறியது. அதன் பிறகும் 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே வேலை செய்யாதவர்களிடம் வாக்கு இருந்தால் மாற்றம் தாமதமாகும். வேலை செய்கிறவர்களிடம் இருந்தாலும் வேகமாக வரும் என்று உறுதியில்லை.

கேள்வி (முதல்முறை கல்விக் குழுவுக்குத் தேர்வானவர்): எல்லாம் முன்பே முடிவாகி வருகிறது, கையெழுத்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்கிறார்கள். நான் போய் என்ன செய்ய?

பாதி உண்மை. எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். முந்தின நாள் இரவு தடிமனான அஜெண்டா வரும். முதல் பக்கங்களில் பாராட்டுத் தீர்மானம், ஒப்புதல் பெற வேண்டிய பழைய விஷயங்கள். நடுவில் எங்கோ, இணைப்பு ஒன்றின் கடைசி வரியில், ஒரு துறையை இன்னொன்றோடு சேர்ப்பது இருக்கும். இல்லாவிட்டால் கூட்டம் தொடங்கியபின் 'டேபிள் அஜெண்டா' என்று ஒரு தாளைக் கையில் கொடுப்பார்கள். நீங்கள் படித்து முடிக்கும் முன் "அடுத்தது" என்ற குரல் கேட்கும். மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், 'விவாதித்து ஏற்கப்பட்டது' என்று ஒரே வரி. அதில் விவாதம் எங்கே என்று யாரும் தேட மாட்டார்கள்.

இதற்கு ஆவேசப் பேச்சு உதவாது. கூட்டம் எத்தனை நாள் முன்பு அறிவிக்கப்பட வேண்டும், கோரம் (கூட்டம் நடக்கக் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பது) எவ்வளவு, புதிய பொருளைச் சேர்க்க என்ன விதி என்பதை முதலில் படியுங்கள். பெரிய முடிவு டேபிள் அஜெண்டாவாக வந்தால் ஒத்திவைக்கச் சொல்லிக் கேளுங்கள். கூட ஒருவர் வழிமொழிந்தால் அநேகமாகத் தள்ளிப்போகும். எதிர்ப்பு இருந்தால் வாயால் சொன்னது போதாது, 'எனது மாற்றுக் கருத்தைப் பதிவு செய்க' என்று எழுதிக் கொடுங்கள். மினிட்ஸ் வரைவு வந்ததும் உறுதிப்படுத்தும் முன்பே திருத்தம் அனுப்புங்கள். அப்புறம், முந்தின கூட்டத்தின் நடவடிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். நிறைவேறிய தீர்மானங்களில் எத்தனை அப்படியே கிடக்கின்றன என்பது அதில்தான் தெரியும்; கிடப்பில் உள்ள ஒன்றை எடுத்து, "இது ஏன் நடக்கவில்லை?" என்று கேட்டு உங்கள் முதல் கூட்டத்தைத் தொடங்குங்கள்.