கள்ளழகருக்கு பாஸ் இருக்கா?

கேள்வி: சட்டப்படி வந்தவங்களையும் கள்ளக்குடியேறிகளையும் பேப்பர்காரங்க சரியா பிரிச்சுக் காட்டுறாங்களா, இல்ல ஒண்ணா போட்டு குழப்புறாங்களா? – ஜூரோங் வாசகர்

பதில்: குழப்புறாங்களான்னு அப்புறம் பாப்போம், போற போக்குல 'கள்ள'ன்னு மூணெழுத்து போட்டீங்களே, அதைத் தாண்டி என்னால போக முடியல. தமிழ் பேப்பருக்கு இந்த மூணெழுத்து இல்லேன்னா பொழப்பே ஓடாது சார். கள்ள நோட்டு, கள்ளச்சாவி, கள்ள ஓட்டு, கள்ளச்சாராயம், அப்புறம் சர்குலேஷனையே தூக்கி நிறுத்துற கள்ளக்காதல் (நல்ல காதல்னு எவனாச்சும் தலைப்பு போட்டிருக்கானா?). இந்த லிஸ்ட்ல இருந்து கௌரவமா தப்பிச்சவர் கள்ளழகர் ஒருத்தர்தான். வருஷா வருஷம் சித்திரையில ஒரு அனுமதி பாஸும் இல்லாம மலையை விட்டு இறங்கி வந்து வைகை ஆத்துல இறங்குறார், லட்சக்கணக்குல ஜனம் கும்பிட்டு வரவேற்குது, 'எல்லை தாண்டியவர் சிக்கினார்'னு எவனும் போடல. அதே எழுத்து தோணி மேல ஏறினா கதையே வேற. சிலோன் தோட்டத்துக்கு வெள்ளைக்காரனே கூட்டிட்டுப் போய் விட்ட ஜனத்தை, 1948 குடியுரிமைச் சட்டத்துல லட்சக்கணக்கான பேரை நாடில்லாம ஆக்கிட்டு, கள்ளத்தோணின்னே கூப்பிட்டாங்க.

சரி, நம்ம சிங்கப்பூருக்கு வர்றேன். 'கள்ளக்குடியேறிகள் பிடிபட்டனர்'னு தலைப்பு இருக்கும், உள்ள படிச்சா ராத்திரி படகுல வந்தவனும் இருப்பான், சாங்கி ஏர்போர்ட்ல கியூல நின்னு ஒழுங்கா உள்ள வந்து பாஸ் முடிஞ்சும் போகாதவனும் இருப்பான். 90 நாளுக்கு மேல ஓவர்ஸ்டே ஆனா ஆம்பளைக்கு ஜெயிலோட குறைஞ்சது மூணு பிரம்படி, அது சட்டம், நான் அதைப் பத்திப் பேசல. அவன் ஏன் போகலங்கறதுதான் செய்தி, அது பேப்பர்ல வராது. இங்க இருக்குற ஏஜெண்ட் ரெண்டு மாச சம்பளத்துக்கு மேல ஃபீஸ் வாங்கக்கூடாது, ஊர்ல இருக்குற ஏஜெண்டுக்கு அந்தக் கணக்கு ஏது, நகையை வெச்சு நிலத்தை வெச்சு காசு கட்டி வந்திருப்பான், பர்மிட்டோ முதலாளி பேர்ல தொங்குது, அவர் கேன்சல் பண்ணிட்டா கடன் அடையுதோ இல்லையோ மூட்டை கட்டணும். (பர்மிட்னு எழுதாதே, 'வேலை அனுமதிச் சீட்டு'ன்னு எழுதுன்னு ஈசூன் பெரியவர் இந்த மாசமும் லெட்டர் போடுவார். போடட்டும். லிட்டில் இந்தியா தேக்காவுல எந்தத் தம்பிகிட்டயாச்சும் சீட்டைக் காட்டுப்பான்னா ஃபோர் டி லாட்டரி சீட்டைத்தான் எடுத்து நீட்டுவான்.)

எங்கப்பா 1951-ல நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறி, டெக்ல படுத்து வாந்தியெடுத்துக்கிட்டே வந்து, செயின்ட் ஜான்ஸ் தீவுல குவாரண்டீன் இருந்துட்டு இறங்கினவர். சித்தப்பா ரெண்டு வருஷம் கழிச்சு அதே கப்பல்ல அதே டெக்குக்குக் கிளம்புறார், 1953 ஆகஸ்ட் 1-லேர்ந்து புது குடிநுழைவுச் சட்டம், பர்மிட் எங்கேன்னு கேட்டாங்க. அவ்வளவுதான், ஊரோட நின்னுட்டார். சாகுற வரைக்கும் திண்ணையில உக்காந்து "உங்கப்பன் என்னடா சட்டப்படி போனான், சீக்கிரம் போனான்"னு எங்களைத் திட்டுவார்.

சட்டப்படி வந்தவனையாச்சும் ஒழுங்கா காட்டுறாங்களான்னா, கோட்டு போட்டு வந்தா எக்ஸ்பேட், ஹெல்மெட் போட்டு வந்தா வெளிநாட்டு ஊழியர். 2020-ல கொரோனா கணக்கு தினமும் வந்துச்சே, 'சமூகத்தில் இத்தனை பேர், தங்கும் விடுதிகளில் இத்தனை பேர்'னு தனித்தனியா, கைல பர்மிட் இருந்தும் அவன் சமூகத்துல சேர்த்தி இல்ல! அமெரிக்காவுல செய்தி ஏஜென்சி அசோசியேட்டட் பிரஸ்காரன் 2013-லயே இனிமே ஒரு ஆளை 'சட்டவிரோத'ன்னு எழுதாதீங்க, செஞ்ச காரியத்துக்கு மட்டும் அந்த வார்த்தையைப் போடுங்கன்னு சொல்லிட்டான். நாம இன்னும் 'தேடுதல் வேட்டை'யிலயே நிக்கிறோம். வேட்டையாட இவன் என்ன காட்டுப்பன்னியா?

ஒண்ணு கேக்கறேன். பாஸ் இல்லாத ஆளை வேலைக்கு வெச்சவருக்கு 5,000 வெள்ளியிலேர்ந்து 30,000 வெள்ளி வரைக்கும் அபராதம் இருக்கு, ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலும் இருக்கு. அவரை என்னிக்காச்சும் 'கள்ள முதலாளி'ன்னு படிச்சிருக்கீங்களா? போன வருஷம் அப்படி ஒரு கேஸுக்கு நானே அந்தத் தலைப்பை வெச்சேன், எங்க சப் எடிட்டர் பொண்ணு ப்ரூஃபைப் பாத்துட்டு சிரிச்சுச்சு, பத்தே நிமிஷத்துல வக்கீல் போன், "அண்ணே, மானநஷ்டம் ஆயிடும், எடுத்துருங்க." கள்ளக்குடியேறின்னு முப்பது வருஷமா போடுறோம், அதுக்கு ஒரு வக்கீலும் போன் பண்ணதில்ல. கடைசியில 'நிறுவன இயக்குநருக்கு அபராதம்'னு மாத்தி, ஏழாம் பக்கத்துல வேட்டி விளம்பரத்துக்குக் கீழ போட்டோம்.