மூன்றையும் ஒரே நாளில் போட வேண்டாம்

மண்டையோட்டு மோதிரம், பெரிய சிலுவை, கறுப்பு மணிமாலை எல்லாம் சேர்ந்தால் நாடக வேஷம் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சரிதான், மூன்றும் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. இப்போதைக்கு மோதிரம் மட்டும் போதும். மண்டையோடு துர்க்குறி என்று வீட்டில் பயப்படுகிறார்களா? 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சாவை மறக்காதிருக்கவே அதை அணிந்தார்கள். நம் சித்தர்கள் பாடியதை அவர்கள் விரலில் மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான்!

கறுப்பு மாலை துக்க நகை வழி வந்தது. 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் விக்டோரியா மகாராணி கறுப்பே உடுத்த, இங்கிலாந்தின் விட்பி ஊரில் கிடைக்கும் ஜெட் என்ற கறுப்பு நகைப்பொருளுக்கு மவுசு கூடியது. ஜெட் என்பது புதைந்து இறுகிய மரம், எடையே இருக்காது. உங்களுடையது கனமாக, தொட்டால் சில்லென்று இருந்தால் கண்ணாடியாக இருக்கலாம். அதனால் என்ன, பளபளப்பில்லாத கறுப்புத் துணிமேல் தனியாகப் போட்டால் எடுப்பாகவே இருக்கும்.

அப்புறம், மோதிரம் வெள்ளி என்றால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிடாதீர்கள். பள்ளங்களில் கறுப்பு தங்கினால்தான் செதுக்கல் தெரியும்.